வளையத்தை காப்பி எடுப்பது எப்படி?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

மூணு வாரமா எபிசோடு ஏன் வரலனு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் டைஃபாய்டு. இப்போ நல்லா இருக்கேன். குரல் மட்டும் கொஞ்சம் கரகரனு இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

காய்ச்சல் வந்ததும் நான் பண்ணது பாதி வீடுகள்ல நடக்கிறதுதான். அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "போன தடவை வந்தப்போ அந்த பிஸ்கட் டப்பாவுல மாத்திரை வச்சுட்டு வந்தேன்டா, அதுல சிப்ரோ மிச்சம் இருக்கும் பாரு, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட்டுக்கோ"னு சொன்னாங்க. போட்டேன். மூணு நாள் ஆச்சு, காய்ச்சல் அசையல. நாலாவது நாள் டாக்டர்கிட்ட போனேன். டப்பா கதையைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, பிளட் கல்ச்சர் எடுக்கச் சொன்னார்.

ரிப்போர்ட்ல மேல சால்மோனெல்லா டைஃபினு பேர். கீழ ஒரு டேபிள். ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்குக்கும் நேரா 'எஸ்' இல்லனா 'ஆர்'. எஸ்னா மருந்து கேட்கும், ஆர்னா கேட்காது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரா ஆர். அப்புறம் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டாங்க, சரியாச்சு.

படுத்துக்கிட்டே ஃபோன்ல நான் தேடின கேள்வி இதுதான்: அந்த 'ஆர்'ங்கிற ஒரு எழுத்துக்குப் பின்னாடி, நிஜமா, பொருளா, என்ன மாறியிருக்கு? தேடத் தேட அது வேற ஒரு கேள்விக்குள்ள போய் விழுந்துச்சு. பாக்டீரியா தன்னோட டிஎன்ஏவை எப்படி காப்பி எடுக்குது? நான் பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பயாலஜியை பத்தாவதோட விட்டவன். அதனால எனக்குப் புரிஞ்ச வழியிலேயே சொல்றேன்.

முதல் விஷயம், நம்ம குரோமோசோம் எல்லாம் கயிறு மாதிரி, ரெண்டு முனை இருக்கும். பெரும்பாலான பாக்டீரியாவோட குரோமோசோம் வளையம். முனையே கிடையாது. இதுல ஒரு லாபம் இருக்கு. முனை உள்ள டிஎன்ஏவை காப்பி எடுக்கும்போது கடைசித் துண்டை முழுசா எடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் நுனி கொஞ்சம் தேயும். அதைச் சமாளிக்க நம்ம செல்லுக்கு டெலோமியர்னு தனி ஏற்பாடு தேவைப்படுது. வளையத்துக்கு அந்தத் தலைவலி இல்ல. ஆனா அதுக்குப் பதிலா இன்னொரு தலைவலி இருக்கு. இன்னைக்கு எபிசோடே அதைப் பத்திதான்.

நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி ஈ. கோலைல பண்ண ஆராய்ச்சி. டைஃபாய்டு கிருமிக்கு அது நெருங்கின சொந்தக்காரன், காப்பி எடுக்கிற மெஷின் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஈ. கோலையோட வளையத்துல சுமார் 46 லட்சம் எழுத்து இருக்கு. என்னைப் படுத்தின டைஃபிக்கு சுமார் 48 லட்சம். அந்த வளையத்தை அறுத்து நீட்டினா ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். செல்லோட நீளமே ரெண்டு மைக்ரான். எல்லாத்தையும் பத்து லட்சம் மடங்கு பெருசாக்கிப் பாருங்க. செல் உங்க கட்டில் சைஸ். டிஎன்ஏ 2 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு சணல் கயிறு, சுத்தளவு 1.6 கிலோமீட்டர். அது மொத்தமும் அந்தக் கட்டில் சைஸ் இடத்துக்குள்ள. இதை சிக்கு விழாம காப்பி எடுக்கணும், எடுத்து ரெண்டு பக்கமும் பிரிச்சு வைக்கணும்.

இது வளையம்னு முதல்ல கண்ணால பார்த்தவர் ஜான் கெய்ர்ன்ஸ். 1963-ல வெளியான வேலை. பாக்டீரியாவுக்குக் கதிரியக்கம் உள்ள தைமிடினைத் தீனியா குடுத்தார். புதுசா உருவாகிற டிஎன்ஏல அது போய் உட்காரும். அப்புறம் செல்லை ரொம்ப மெதுவா உடைச்சு, டிஎன்ஏ அறுந்து போகாம பரப்பி, மேல ஃபோட்டோ எமல்ஷன் பூசி, இருட்டுல வச்சுட்டார். சுமார் ரெண்டு மாசம். நாம பில்டு ரெண்டு நிமிஷம் லேட்டானா மானிட்டரை முறைக்கிறோம். ரெண்டு மாசம் கழிச்சு ஃபிலிமைக் கழுவினா, புள்ளி புள்ளியா ஒரு வளையம். சிலது காப்பி எடுக்கிற பாதி வழியில மாட்டின வளையம்: வட்டத்துக்கு நடுவுல இன்னொரு வளைவு, கிரேக்க எழுத்து தீட்டா மாதிரி. அதனாலதான் இந்த முறைக்கு தீட்டா ரெப்ளிகேஷன்னு பேர்.

சரி, காப்பி எங்க தொடங்கும்? கண்ட இடத்துல இல்ல. 46 லட்சம் எழுத்துல சுமார் 245 எழுத்து நீளத்துக்கு ஒரே ஒரு இடம் இருக்கு, அதுக்குப் பேர் ஓரி-சி. டினா-ஏனு ஒரு புரோட்டீன் அங்க கூட்டமா வந்து ஒட்டி, பக்கத்துல இருக்கிற பலவீனமான பகுதியை இழுத்துப் பிரிக்கும். (பேர் எழுத்தைப் பார்த்தா டிஎன்ஏவோட குழம்பும், அதான் டினானு சொல்றேன்.) பிரிஞ்ச வாய்க்குள்ள ரெண்டு ஹெலிகேஸ் ஏறும். ஒண்ணு இடப்பக்கம் கிளம்பும், இன்னொண்ணு வலப்பக்கம். ஜிப்பைத் திறக்கிற மாதிரி ரெட்டை இழையைப் பிரிச்சுக்கிட்டே போகும். பின்னாடியே பாலிமெரேஸ் வந்து, ஒவ்வொரு பழைய இழைக்கும் ஜோடியா புது இழையைக் கட்டும். இப்படி ரெண்டா பிரியுற இடத்துக்குப் பேர் ஃபோர்க். ஆமா, கிட்ல நாம பண்ற அதே ஃபோர்க்தான். ஆனா இங்க ஒரிஜினல்னு ஒண்ணு மிஞ்சாது. ரெண்டு காப்பிலயும் ஒரு இழை பழசு, ஒரு இழை புதுசு.

இதுல ஒரு சங்கடம். பாலிமெரேஸ் ஒரே திசையிலதான் எழுதும். ரெட்டை இழைல ஒண்ணு அப்படி ஓடினா இன்னொண்ணு எதிர்த்திசையில ஓடும். அதனால ஒரு இழை நிக்காம எழுதப்படும், இன்னொரு இழை ஆயிரம் ரெண்டாயிரம் எழுத்தா, துண்டு துண்டா, பின்னாடி பின்னாடி எழுதப்பட்டு அப்புறம் ஒட்டப்படும். இதைக் கண்டுபிடிச்சவங்க ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல இருந்த ரெய்ஜி ஒகாசாகி, சுனெகோ ஒகாசாகி தம்பதி. ரெய்ஜி சின்ன வயசுல ஹிரோஷிமா குண்டோட கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-ல, 44 வயசுல லுகேமியாவுல இறந்துட்டார். சுனெகோ அந்த ஆராய்ச்சியை விடாம தொடர்ந்தார். ஸ்கூல் புக்ல 'ஒகாசாகி துண்டுகள்'னு ஒரே வரியில வர்றது இவங்க பேருதான்.

இப்போ ஒரு கணக்கு. ஃபோர்க் ஒரு செகண்டுக்கு சுமார் ஆயிரம் எழுத்து நகரும். ரெண்டு ஃபோர்க், ஆளுக்குப் பாதி வளையம், 23 லட்சம் எழுத்து. 2,300 செகண்ட், அதாவது 40 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுக்கப்புறம் செல் நிஜமா ரெண்டா பிரிய இன்னொரு 20 நிமிஷம். மொத்தம் ஒரு மணி நேரம். ஆனா நல்ல சாப்பாடு கிடைச்சா ஈ. கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகுது. ஒரு மணி நேர வேலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எப்படி முடியும்?

சாஃப்ட்வேர் ஆளுங்க இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீங்க. பைப்லைன். முதல் காப்பி முடியுறதுக்குள்ளயே ஓரி-சில அடுத்த காப்பி தொடங்கிடும். அதுக்குள்ள அடுத்தது. நாளைக்கு இட்லிக்கு இன்னைக்கே மாவு அரைக்கிறோம்ல, அது மாதிரி. 1968-ல கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. வேகமா வளர்ற செல் ஒண்ணு இன்னைக்குப் பிரியுதுனா, அந்தப் பிரிவுக்கான காப்பி வேலை அதோட பாட்டி செல்லுக்குள்ள தொடங்கினது. எனக்கு இதைப் படிச்சப்போ சிலிர்த்துச்சு. ஸ்பிரின்ட் பிளானிங்ல இப்படி ஒண்ணு நடந்து நான் பார்த்ததில்ல.

பைப்லைன் இருந்தா லாக்கும் வேணும், இல்லனா ஒரே ஓரி-சில இருந்து வரிசையா காப்பி கிளம்பிடும். அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கு. ஜிஏடிசினு வர்ற இடங்கள்ல பழைய இழைல ஒரு மீத்தைல் முத்திரை இருக்கும். புது இழைக்கு அது குத்தப்படக் கொஞ்ச நேரமாகும். ஒரு பக்கம் மட்டும் முத்திரை இருக்கிற ஓரி-சியை செக்-ஏனு ஒரு புரோட்டீன் வந்து மூடிப் பிடிச்சுக்கும். 'இப்பதான் காப்பி ஆச்சு, கொஞ்சம் பொறு'னு அர்த்தம். இதே முத்திரையை வச்சுத்தான் எழுத்துப்பிழை திருத்துற புரோட்டீன்களும் எது பழசு, எது புதுசுனு கண்டுபிடிச்சு, புதுசுல இருக்கிற தப்பைத் திருத்தும். திருத்தம் எல்லாம் முடிஞ்ச பிறகு மிஞ்சுற பிழை, மொத்த வளையத்தையும் ஆயிரம் தடவை காப்பி எடுத்தா ஒண்ணு வர்ற அளவுக்குத்தான். இந்த 'ஆயிரத்துல ஒண்ணு'ங்கிறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

இப்போ நான் சொன்ன அந்தத் தலைவலி.

டிஎன்ஏ ரெட்டை இழை முறுக்கின கயிறு. பத்தரை எழுத்துக்கு ஒரு முறுக்கு. 46 லட்சத்துக்கு சுமார் 4.4 லட்சம் முறுக்கு. கயிறுக்கு முனை இருந்தா, முறுக்கைப் பிரிக்கும்போது முனை சுத்திக்கிட்டே அவிழ்ந்துக்கும். வளையத்துக்கு முனையே இல்லையே! பிரிக்கிற முறுக்கு எங்கயும் வெளிய போக முடியாது, முன்னாடி போய்க் குவியும். செடிக்குத் தண்ணி ஊத்துற ஹோஸ் பைப் ஒரு இடத்துல முறுக்கிக்கிட்டு, இழுக்க இழுக்க இன்னும் இறுகுமே, அப்படி. ஃபோர்க் ஒரு செகண்டுக்கு ஆயிரம் எழுத்து போகுதுனா செகண்டுக்கு சுமார் 95 முறுக்கு. நிமிஷத்துக்கு 5,700. பைக்கை நல்லா முறுக்கினா ஆர்பிஎம் மீட்டர்ல வர்ற நம்பர் இது. இந்த முறுக்கை யாராவது உடனுக்குடன் எடுத்துக்கிட்டே இருக்கலனா ஃபோர்க் நின்னுடும்.

வீட்லயே பார்க்கலாம். நியூஸ்பேப்பர்ல நீளமா ஒரு பட்டை கிழிங்க. ஒரு முனையை முழுசா ஒரு சுத்து, 360 டிகிரி திருப்பி, இன்னொரு முனையோட ஒட்டுங்க. இப்போ கத்தரிக்கோலால நடுவுல நீளவாக்குல வெட்டிக்கிட்டே சுத்தி வாங்க. ரெண்டு வளையம் கிடைக்கும். ஆனா தனித்தனியா வராது, சங்கிலிக் கண்ணி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டியிருக்கும். ஒரு சுத்துக்கே இப்படி. 4.4 லட்சம் சுத்துனா? அந்தக் காகித வளையங்களைக் கிழிக்காம பிரிக்க முடியுமானு பாருங்க. முடியாது. இது பலம் பத்தாத பிரச்சினை இல்ல, கணிதப்படியே முடியாது. ஒரு வளையத்தை வெட்டி, இன்னொண்ணை வெளிய எடுத்து, திரும்ப ஒட்டறது ஒண்ணுதான் வழி.

செல்லும் அதைத்தான் பண்ணுது. தன்னோட ஒரே டிஎன்ஏவை, உயிரோட இருக்கும்போதே, வெட்டுது.

இப்படி டிஎன்ஏவை வெட்டி ஒட்டி முறுக்கை மாத்துற என்சைம்களுக்கு டோபோஐசோமெரேஸ்னு பேர். முதல் ஒண்ணை 1971-ல ஜேம்ஸ் வாங் கண்டுபிடிச்சார். நம்ம கதைக்கு முக்கியமானது ஜைரேஸ், 1976-ல மார்ட்டின் கெல்லர்ட் குழு கண்டுபிடிச்சது. அது ரெட்டை இழை ரெண்டையும் வெட்டும். வெட்டின ரெண்டு நுனியையும் தன்னோட உடம்புலயே பிணைச்சுப் பிடிச்சுக்கும், விடாது. நடுவுல உண்டான இடைவெளி வழியா டிஎன்ஏவோட இன்னொரு பகுதியை அந்தப் பக்கம் அனுப்பும். அப்புறம் நுனிகளைத் திரும்ப ஒட்டும். ஒரு தடவைக்கு ரெண்டு முறுக்கு குறையும். ஏடிபி செலவாகும். மொத்த முறுக்கையும் இப்படியே எடுக்கணும்னா ஒரு காப்பிக்கு சுமார் 2.2 லட்சம் வெட்டு. ஓடிட்டிருக்கிற புரொடக்‌ஷன் சர்வர்ல கேபிளை அறுத்து அறுத்து ஒட்டற மாதிரி, அதுவும் பேக்கப் இல்லாம.

ரெண்டு ஃபோர்க்கும் வளையத்தோட எதிர்ப்பக்கம் வந்து சந்திக்கும். அங்க டஸ்னு ஒரு புரோட்டீன் ஒன்வே கேட் மாதிரி நின்னு, ஒரு ஃபோர்க் சீக்கிரம் வந்தாலும் தாண்டி எதிர்ப்பக்கம் போகாம நிறுத்தும். காப்பி முடிஞ்சுது. ஆனா ரெண்டு வளையமும் இன்னும் அந்தப் பேப்பர் வளையம் மாதிரி மாட்டித்தான் இருக்கும். அதை விடுவிக்கிறது ஜைரேஸோட தம்பி மாதிரி ஒண்ணு, டோபோஐசோமெரேஸ் நாலு. அதே வேலைதான்: ஒரு வளையத்தை வெட்டி, இன்னொண்ணை வெளிய விட்டு, ஒட்டும். அது நடக்கலனா காப்பி நூறு சதவீதம் சரியா இருந்தும் செல் பிரிய முடியாது.

இப்போ என் ரிப்போர்ட்டுக்கு வரலாம். சிப்ரோஃப்ளாக்சசின் பிடிக்கிற இடம் இந்த ஜைரேஸ்தான். டைஃபாய்டு கிருமி வகையறாவுல முதல் குறி ஜைரேஸ், ரெண்டாவது டோபோஐசோமெரேஸ் நாலு. நான் என்ன நினைச்சேன்னா, மருந்து போய் ஜைரேஸை நிறுத்திடும், முறுக்கு குவியும், அவ்வளவுதான்னு. விஷயம் அதைவிட மோசம். ஜைரேஸ் வெட்டி, நுனிகளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அந்த நொடியில மருந்து வெட்டு வாய்க்குள்ள நுழைஞ்சு உட்கார்ந்துக்கும். இனி ஒட்ட முடியாது. அறுத்த டிஎன்ஏவைக் கையில பிடிச்சபடியே ஜைரேஸ் உறைஞ்சு நிக்கும். அதே பாதையில ஃபோர்க் வந்து முட்டும். குரோமோசோம் உடையும். ஒரு இடத்துல இல்ல, பல இடத்துல. காப்பி எடுக்க அத்தியாவசியமான கருவியையே மருந்து ஆயுதமா மாத்திடுது. நம்ம செல்லுலயும் டோபோஐசோமெரேஸ் உண்டு, ஆனா அமைப்பு வேற. மாத்திரை அளவு மருந்து அதுல அந்த மாதிரி போய் உட்கார்றதில்ல.

அப்போ ஆர்? ஜைரேஸ் புரோட்டீன்ல 83-ஆவது இடத்துல செரின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கும். சிப்ரோ ஒட்டறதுக்கு அது ஒரு முக்கியமான பிடி. 48 லட்சம் எழுத்துல ஒரே ஒரு எழுத்து மாறினா, அந்த செரின் போய் ஃபீனைல்அலனின் வந்துடும். பிடி போச்சு. ஜைரேஸ் எப்பவும் போல வெட்டும், ஒட்டும். மருந்துதான் வழுக்கும். டைஃபில இந்த ஒரு மாற்றம் வந்தாலே மருந்தோட வீரியம் குறைஞ்சிடும். 87-ஆவது இடத்துல இன்னொண்ணு, டோபோஐசோமெரேஸ் நாலுல 80-ஆவது இடத்துல ஒண்ணு, இதுவும் சேர்ந்தா ரிப்போர்ட்ல உறுதியான ஆர்.

இந்த எழுத்து எப்படி மாறுச்சு? ஆயிரம் காப்பிக்கு ஒரு பிழைனு சொன்னேன்ல. ஒரு காப்பிக்குப் பார்த்தா அற்புதமான துல்லியம். ஆனா ஆயிரம் கோடி செல் பிரிஞ்சா, அந்தக் குறிப்பிட்ட எழுத்துலயே பிழை விழுந்த செல் ஒண்ணு ரெண்டு இருக்கும்னு எதிர்பார்க்கலாம். ஆய்வகத்துல ஒரு லிட்டர் பாட்டில்ல ராத்திரி முழுக்க வளர்த்தா அதைவிட நூறு மடங்கு செல் இருக்கும். மருந்து இல்லாத ஊர்ல அந்தப் பிழைக்கு எந்த மதிப்பும் இல்ல. மருந்து வந்ததும் மத்தது எல்லாம் செத்து, அது மட்டும் மிஞ்சும். 'மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு கிருமிக்குப் பழகிடுச்சு'னு சொல்வோம்ல, அப்படி இல்ல. மாற்றம் தேர்வுக்கு முன்னாடியே வந்துடுதுனு 1943-லயே லூரியாவும் டெல்ப்ரூக்கும் காட்டிட்டாங்க. மருந்து பண்றது தேர்வு மட்டும்தான்.

அதனால என் உடம்புல இருந்த டைஃபியை நான் போட்ட ஆறு மாத்திரை ரெசிஸ்டன்டா மாத்தியிருக்காது. தண்ணியிலயோ சாப்பாட்டுலயோ எனக்குள்ள வரும்போதே அது பெரும்பாலும் அப்படித்தான் வந்திருக்கும். அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அப்போ நான் குடுத்தது தப்பில்லைங்கிறியா"னு கேட்டாங்க. அதுவும் இல்லம்மா. ரெண்டு விஷயம். அந்த மூணு நாள் வேலைக்காகாத மருந்தைப் போட்டுக்கிட்டு, சரியான மருந்துக்குப் போகாம இருந்தேன். டைஃபாய்டுல அது சின்ன விஷயம் இல்ல, குடல்ல ஓட்டை விழுற அளவுக்குப் போகலாம். ரெண்டாவது, என் குடல்ல டைஃபி மட்டுமா இருக்கு? கோடிக்கணக்குல ஈ. கோலை குடித்தனம் இருக்கு. சிப்ரோ அதுங்க மேலயும்தான் விழுந்துச்சு. அதுல 83-ல எழுத்து மாறின ஒண்ணு ரெண்டு இருந்திருந்தா, அதுங்களுக்கு நான் இடம் காலி பண்ணிக் குடுத்திருக்கேன். அம்மா ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் "டப்பாவுல இன்னும் எத்தனை இருக்கு"னு கேட்டாங்க. நாலு.

ஒண்ணு பாக்கி. பெரிய வளையத்தைத் தவிர பாக்டீரியாவுக்குள்ள குட்டி வளையங்களும் இருக்கும், பிளாஸ்மிட்னு பேர். அதுல சிலது தீட்டா மாதிரி காப்பி ஆகாது. ஒரு இழையை மட்டும் அறுத்து, டேப் ரோல்ல இருந்து டேப்பை இழுக்கிற மாதிரி உருவிக்கிட்டே காப்பி எடுக்கும். பல பிளாஸ்மிட் இதே பாணியில, உருவுற இழையைப் பக்கத்து பாக்டீரியாவுக்குள்ள செலுத்திடும், அது வேற இனமா இருந்தாலும். ஜைரேஸை சிப்ரோகிட்ட இருந்து காப்பாத்துற க்யூஎன்ஆர்னு ஒரு ஜீன் அப்படிப்பட்ட பிளாஸ்மிட்ல உட்கார்ந்திருக்கிறதை 1998-ல கண்டுபிடிச்சாங்க. அதாவது பிழை விழுறதுக்குக் காத்திருக்கவே வேண்டாம், பக்கத்து வீட்ல இருந்து வாங்கிக்கலாம். அது ஒரு முழு எபிசோடுக்கான கதை. அடுத்த வாரம், குரல் சரியானா, பேசலாம்.